இன்கா மதிலைப் பார்க்கப் போன முள்ளம்பன்றி

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. புலியும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகையால் கொல்லிமலைப் பக்கத்து அந்தக் காட்டை ஆண்டுகொண்டிருந்தது பொன்னுரங்கம் என்ற குரங்கு. அதற்குத் தொழில், மிருகங்களைச் சுற்றுலா கூட்டிப் போவது. கழுத்தில் விசில், கையில் சிவப்புக் கொடி, வாய் நிறையப் பொய். காசிக்கும் சிங்கப்பூருக்கும் கூட்டிப்போய் அலுத்துவிட்டதால், அந்த வருஷம் பெரு நாட்டுக்கு ஆள் சேர்த்தது. "ஒரே நாளில் உள்ளூர்ச் சந்தையும் இன்கா ராஜாக்களின் இடிந்த கோட்டையும்! மூன்று வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு!" என்று மரத்துக்கு மரம் நோட்டீஸ் ஒட்டியது.

இன்கா யார், கோட்டை ஏன் இடிந்தது என்று ஒரு மிருகமும் கேட்கவில்லை. ரசம் உண்டா என்று மட்டும் எல்லாம் கேட்டன.

செம்பாயி என்ற முள்ளம்பன்றி மட்டும் நோட்டீசில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பெரிய பெரிய கற்களை அடுக்கிய மதில். இடையில் சுண்ணாம்பும் இல்லை, மண்ணும் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு முள்கூட நுழையாதாம். செம்பாயிக்கு மூன்று குட்டிகள் இருந்தன. போன ஐப்பசி மழையில் வளை சரிந்து கடைக்குட்டி மண்ணுக்குள் போனது. தோண்டி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"நிக்கிற செவுரு எப்படி நிக்குதுன்னு ஒருக்கா பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லி, மீதி இரண்டு குட்டிகளையும் பக்கத்து வளைக் கீரியிடம் விட்டுவிட்டு அது கிளம்பியது.

குழுவில் மொத்தம் முப்பது மிருகங்கள். பெருவில் விமானம் இறங்கிய மறுநாள் காலை எட்டு மணிக்குப் பஸ் அவற்றை ஒரு மலையூர்ச் சந்தையில் இறக்கிவிட்டது. அங்கே அல்பாகா ஒன்று கடை போட்டிருந்தது. பார்க்க ஆடு மாதிரி, கழுத்து மட்டும் நீளம். தன் முதுகு முடியைத் தானே கத்தரித்து, குல்லாவாகப் பின்னி விற்றுக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து என்ற எருமை குல்லாவை நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தது.

"உன் முதுகுல சும்மா மொளைக்கிறதுதான? பாதி வெலைக்குக் குடு."

மொட்டை முதுகோடு மலைக்குளிரில் நடுங்கிக்கொண்டே அல்பாகா சம்மதித்தது. குல்லா நாச்சிமுத்துவின் கொம்பில் ஏறவில்லை. ஏறாவிட்டால் என்ன, மலிவாகக் கிடைத்ததே! அந்தச் சந்தோஷத்தில் வால் வைத்த பொம்மை ஒன்றையும் வாங்கிக்கொண்டது. நூறு வகை உருளைக்கிழங்கு குவிந்து கிடந்த கடையில் அதன் மனைவி முகத்தைச் சுளித்தது. "எல்லாம் வேக வெச்சா ஒண்ணுதான்."

மணி பன்னிரண்டாயிற்று. இரண்டாயிற்று.

"ஏனுங்க தம்பி, கோட்டைக்கு எப்பப் போறோம்?" என்று செம்பாயி கேட்டது.

"போலாங்கக்கா. கல்லு என்ன எந்திரிச்சு ஓடிருமா?" என்றது பொன்னுரங்கம்.

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. "பத்தே நிமிசம்!" என்று பொன்னுரங்கம் விசில் ஊதியது.

"அட, கூரையே போடல" என்றது நாச்சிமுத்து.

"கையில பணம் பத்தாம பாதில விட்டுட்டாங்க போல" என்று மனைவி பரிதாபப்பட்டது.

பிறகு எல்லாம் மதிலுக்கு முதுகைக் காட்டி நின்று தங்களைத் தாங்களே போட்டோ எடுத்துக்கொண்டன. ராஜா உட்கார்ந்த கல்லில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரித்தன. தின்று முடித்த இலையைச் சுருட்டிக் கல் மாடத்துக்குள் செருகின. ஒன்றிரண்டு மிருகங்கள் செருகுவதற்கு மாடம் கிடைக்காமல் சலித்துக்கொண்டன.

செம்பாயி மதிலோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி இடுக்கில் செருகிப் பார்த்தது. நுழையவில்லை. மதில் நேராக நிற்கவில்லை, உள்பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு கல் புடைத்திருந்த இடத்தில் அடுத்த கல் குழிந்து அதை வாங்கிக்கொண்டிருந்தது. 'சாச்சுக் கட்டியிருக்கணும். நேரா கட்டுனதுதான் தப்பு' என்று தன் சரிந்த வளையை நினைத்துக்கொண்டது. விசில் சத்தம் காதில் விழவில்லை.

பஸ்ஸில் பொன்னுரங்கம் வால்களை எண்ணியது. நாச்சிமுத்து வாங்கிய பொம்மையின் வாலையும் சேர்த்து முப்பது சரியாக வந்தது. பஸ் போய்விட்டது.

ஐந்து மணிக்குக் காவல்கார லாமா வந்தது, அல்பாகாவுக்கு அண்ணன் மாதிரி உயரமாக. அதன் பெயர் கிஸ்பே. எந்த மொழியில் பேசினாலும் அடுத்தவர் மொழியில் மாற்றிச் சொல்லும் போன் ஒன்றை அது கழுத்தில் மாட்டியிருந்தது.

"உள்ளே வந்த பார்வையாளர்கள் முப்பது. வெளியே போனதாக உங்கள் தலைவர் கையெழுத்திட்டது முப்பது. ஆகவே நீங்கள் பார்வையாளர் அல்ல" என்றது போன்.

"டிக்கெட் இருக்குதுங்களே!"

"டிக்கெட் ஐந்து மணி வரை. விதிப்படி, ஐந்து மணிக்கு மேல் உள்ளே இருப்பது ஊழியர் அல்லது இடிபாடு. நீங்கள் ஊழியரா?"

"இல்லீங்க."

கிஸ்பே வருத்தத்தோடு படிவத்தை எடுத்து நிரப்பியது. செம்பாயியின் நெற்றியில் ஒரு தகட்டை ஒட்டியது. இடிபாடு எண் 417. தகடு ஒட்டிய எதுவும் வாசலைத் தாண்டினால் சைரன் அலறும். செம்பாயி ஏழு முறை தாண்டிப் பார்த்தது. ஏழு முறையும் அலறியது.

மூன்றாம் மாதம் பொன்னுரங்கம் அடுத்த குழுவோடு வந்தது. அந்தச் சிவப்புக் கொடியைக் கண்டதும் செம்பாயி பாய்ந்து ஓடியது.

"தம்பி! நாந்தான் செம்பாயி! என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே!"

பொன்னுரங்கத்தின் முகம் வெளுத்தது. ஆளைத் தொலைத்த சேதி தெரிந்தால் அடுத்த வருஷம் எவனும் பெயர் கொடுக்க மாட்டான். ஒரு மூச்சு விடும் நேரம் செம்பாயியின் நெற்றித் தகட்டைப் பார்த்தது. பிறகு குழுவின் பக்கம் திரும்பிக் கொடியை உயர்த்தியது.

"கேட்டீங்களா! இன்கா காலத்து முள்ளம்பன்றி, தமிழ் பேசுது!"

கூட்டத்தில் அம்பலவாணன் என்ற கரடி இருந்தது. பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அதன் கண்ணில் நீர் பொங்கியது. "நான் அன்றைக்கே சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. இன்கா என்பதே 'இங்கே' என்பதன் திரிபுதான்."

"ஐயா, நான் கொல்லிமலைங்க!" என்று செம்பாயி கதறியது.

"கொல்லிமலையையும் அறிந்திருக்கிறார்கள்!" என்று கரடி குறிப்பெடுத்தது.

"என் குட்டிக ரெண்டும் அங்க தனியா கிடக்குதுங்க!"

"எண்ணும் தெரிந்திருக்கிறது!"

கைத்தட்டல் மலையில் எதிரொலித்தது. எல்லாம் வரிசையில் நின்று செம்பாயியோடு போட்டோ எடுத்துக்கொண்டன. பிறகு கரடி ஒரு மனு எழுதியது. தமிழரின் இந்த அரிய சான்றை இங்கிருந்து யாரும், எக்காரணம் கொண்டும், எக்காலத்திலும் அகற்றக் கூடாது. சுற்றிலும் இரும்புவேலி போட வேண்டும். குழுவில் வந்த எல்லா மிருகங்களும் பாதம் பதித்தன. முதல் பாதம் பொன்னுரங்கத்துடையது.

அந்த வாரமே வேலி வந்தது.

நீதி: சுற்றுலா போன இடத்தில் எதையும் நின்று பார்க்காதே. பார்த்து மாட்டிக்கொண்டால், காப்பாற்றச் சொல்லித் தாய்மொழியில் மட்டும் கத்தாதே.