வலது ஒடித்தால் இடது போன கார்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: கார்ச் சொந்தக்காரர் சவரிமுத்து வாத்தியார், அவர் மகள் ரோஸ்லின், காரை மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், என் ஆத்தா, நான். அவ்வளவுதான். (வாத்தியார் வீட்டுப் பசுவையும் சேர்த்தால் ஆறு.) ஆவூர்ப் பக்கம் போய்க் கேட்டால் பாதி ஊர் நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்யும். நம்பாதீர்கள்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். எட்டாவதோடு படிப்பை விட்டதும் கணக்குப் பரீட்சைக்குப் பயந்துதான். அப்படிப்பட்டவனுக்காக ஆத்தா போய் ரோஸ்லினைப் பெண் கேட்டது. வாத்தியார் வெகுநேரம் யோசித்துவிட்டு, "மெக்கானிக்குங்கிறான்ல? என் அம்பாசிடர் ஸ்டேரிங்கச் சரி பண்ணட்டும். அப்பறம் பேசுவோம்" என்றாராம்.

அது அவர் அண்ணன் விட்டுப்போன பழைய கார். ஸ்டேரிங்கைத் திருப்ப ரெண்டு ஆள் பலம் வேண்டும். வாத்தியாருக்கோ தோள்வலி. தேய்ந்ததை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கலாம். ரோஸ்லின் பார்த்துக்கொண்டிருந்ததால், "பவர் ஸ்டேரிங்கே போட்டுத் தாரேன் சார்" என்று வாயை விட்டேன்.

அறந்தாங்கியில் உடைக்கப் போட்டிருந்த ஒரு சின்னக் காரிலிருந்து செட்டைக் கழற்றி வந்தேன். வேலை வாத்தியார் வீட்டு வாசலில்தான். (என்னை நம்பி காரை வெளியே விட அவர் தயாராக இல்லை.) முன் டயர் இரண்டையும் தள்ளுகிற ரேக் என்ற நீளக் கம்பி, அந்த இடத்தில் உட்காரவே மாட்டேன் என்றது. தலைகீழாகப் புரட்டி வைத்தேன். அச்சு வார்த்தது மாதிரி உட்கார்ந்தது!

இரண்டு நாள் தூக்கமில்லை. நட்டு கழன்றுவிட்டால்? ஓடும்போது ஸ்டேரிங் கையோடு வந்துவிட்டால்? எல்லா நட்டையும் மறுபடி மறுபடி முறுக்கினேன். ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஒற்றை விரலால் சுற்றினேன்.

"ஆத்தா, டயரு திரும்புதா?"

"ஜம்முனு திரும்புதுப்பா!"

எந்தப் பக்கம் என்று நானும் கேட்கவில்லை, ஆத்தாவும் சொல்லவில்லை.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். கோயில் வரைக்கும் நானும் வாரேன் என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வாத்தியார் என் பக்கத்தில். கேட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் கோயில். இடது பக்கம் வாத்தியாரின் வைக்கோல் போர்.

வலது பக்கம் ஒடித்தேன். கார் இடது பக்கம் போனது.

"எப்பா, கோயிலு இங்கிட்டு இருக்கு. அங்கிட்டு எங்க போற?"

"வலதுதான் ஒடிக்கிறேன் சார்!"

"இன்னும் ஒடி!"

வாத்தியார் சொல்லைத் தட்டலாமா? இன்னும் ஒடித்தேன். புது பவர் ஸ்டேரிங் அல்லவா, என்னமாய்த் திரும்பியது! பின்னால் சாமியார் 'அருள் நிறைந்த மரியே' ஆரம்பித்திருந்தார். பிரேக் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தபோது, முக்கால் கார் போருக்குள் இருந்தது. பசு நிதானமாக வந்து, டிக்கி மேல் சரிந்ததைத் தின்ன ஆரம்பித்தது.

ஆத்தா ஓடி வந்து, "நல்லாத்தான சார் திரும்புச்சு!" என்றது. ரோஸ்லின் வாசப்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் போச்சு என்று முடிவு கட்டி, தலையில் இருந்த வைக்கோலோடு கிளம்பினேன்.

"போயிட்டு வாரேன் சார்."

"எங்க போற?" வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். "தப்பாப் போட்டவன் திருத்திப் போட வேணாமா? நாளைலேருந்து காலைல எட்டு மணிக்கு இங்க இருக்கணும். லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்."

எட்டாவதில் தப்பித்தவன் முப்பது வயதில் மாட்டிக்கொண்டேன். தலைகீழாகக் கிடந்ததால் டயரை எதிர்ப்பக்கம் தள்ளிய ரேக்கை நேராக உட்கார வைக்க புதுத் தாங்கி செய்து போட ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தினமும் ரோஸ்லின் காப்பியைக் கொண்டுவந்து பானெட் மேல் வைத்துவிட்டு, "இன்னைக்கு எந்தப் பக்கங்க போகும்?" என்பாள். நான் வேலையை அவசரப்படுத்தவில்லை.

கோயிலில் எனக்கும் ரோஸ்லினுக்கும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபோது, "தடை இருந்தா சொல்லுங்க" என்ற சாமியார் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கைக்குட்டையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது நான் காரை எடுத்தாலே, பின்சீட்டிலிருந்து என் மகள், "அப்பா, கோயிலு இங்கிட்டு!" என்று கத்துவாள்.

மாமனார் சிரித்தாரே தவிர இன்னும் மறக்கவில்லை. வருசா வருசம் கிறிஸ்துமஸ் துணிக்காசில் வைக்கோல் போருக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் தருகிறார். மருமகன் என்பதால் வட்டி இல்லையாம். போன கிறிஸ்துமஸ் போக, பாக்கி ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.