மனமானியை வென்ற பொம்மை

பல்கலைக்கழக அரங்கத்தின் வாசலில் காலையிலேயே கூட்டம் முண்டியடித்தது. பைகளை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். பலர் மூளையையும் சேர்த்தே வைத்துவிட்டுப் போனார்கள்.

வந்திருந்தவர் மனமானி மகான். தாடி கிடையாது, கோட்டும் டையும்தான். மந்திரம் சொல்வதில்லை, சதவீதம் சொல்வார். இணையவழி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர் தன்னைத் தானே எவ்வளவு கட்டுப்படுத்திப் படிக்கிறார் என்பதை அவருடைய மனமானி என்ற கருவி, கேமரா வழியாகவே அளந்துவிடும். மன அலை கண் வழியே வெளியேறுகிறதாம், கேமரா அதைப் பிடிக்கிறதாம். பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். துணைவேந்தர் ஒரு படி மேலே போய் ஆணையே போட்டார்: நாற்பதுக்குக் கீழே வாங்கினால் தேர்வு எழுத முடியாது.

பரிகாரம் இல்லாமலா? மகான் விற்கும் நீல மணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒரு வாரம் வகுப்பில் உட்கார வேண்டும். மறுபடி அளப்பார்கள்.

சந்தேகத்துக்குக் கிடைத்தது பதினொன்று. சந்தேகம் என்பது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பட்டப்பெயர். வகுப்புக்கு வகுப்பு "சார், ஒரு சந்தேகம்" என்று கேட்டே சம்பாதித்தது. புரியாததைக் கேட்பாள். குனிந்து குறிப்பு எழுதுவாள். எழுதியதை மூடி வைத்துவிட்டு, நினைவில் நிற்கிறதா என்று தன்னையே சோதித்துக்கொள்வாள். மனமானி கண்டதெல்லாம் அவள் குனிந்ததை மட்டும்தான்.

துணிக்கடை நடத்தும் அம்மாவுக்கு மகளின் படிப்பென்றால் உயிர். மகான் என்றால் அதற்கும் மேலே. மணிப் பொட்டலத்தை வாங்கி வந்து மகளின் கையில் திணித்தாள்.

"பதினொன்னுடி. கடைக்கு வர்ற கைக்குழந்தைகூட இதைவிட அடக்கமா உக்காரும். இதைக் கட்டிக்கோ. அப்பவும் தேறலைன்னா படிச்சது போதும், கடைக்கு வந்து துணி மடி."

மகள் கடைக்குப் போகத்தான் செய்தாள். ஆனால் துணி மடிக்க அல்ல. மூக்கில் வெடிப்பு விழுந்ததால் பின்னறையில் ஓரங்கட்டப்பட்டிருந்த, சட்டை மாட்டிய ஆளுயரப் பொம்மையைத் தோழியின் துணையோடு ஆளுக்கொரு பக்கம் தோளில் தாங்கி, வீட்டு மாடிப்படி ஏற்றினாள். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று உருக்கமாக விசாரித்தார். "லேசா மயக்கம் அங்கிள்" என்றாள் தோழி. அவர் பொம்மைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அந்த வாரம் முழுவதும் சந்தேகத்தின் நாற்காலியில் பொம்மை உட்கார்ந்தது. அவள் கேமராவுக்கு எட்டாத ஓரத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் குறிப்பெழுதினாள். பாடம் நடத்துபவருக்குத் திரை முழுக்கத் தலைகள். அதில் ஒன்று பிளாஸ்டிக் என்றால் யார் கண்டது? பொம்மை வாய் திறக்காமலே அவள் குரலில் சந்தேகம் கேட்டது. பதிலும் வந்தது.

மதிப்பெண் தொண்ணூற்றெட்டு.

மகானுக்குத் தலைகால் புரியவில்லை. முன்னைவிடப் பெரிய கூட்டத்தைக் கூட்டிச் சந்தேகத்தை மேடையேற்றினார். இந்தப் பெண் இப்போதெல்லாம் விடியுமுன் எழுகிறாள், இலக்கு வகுத்துப் படிக்கிறாள், ஒரு நொடி வீணாக்குவதில்லை, எல்லாம் நீல மணியின் ஒளி என்று முழங்கினார். முன்வரிசையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒலிவாங்கி மகளின் கைக்கு வந்தது.

"ஒரு சந்தேகம்," என்றாள். அரங்கம் சிரித்தது. "நான் வகுப்புல உக்காந்திருந்த வீடியோவை எல்லாரும் பாக்கற மாதிரி போட முடியுமா?"

மகானே பெருமையோடு சைகை காட்டினார். திரையில் நிமிர்ந்த முதுகு, இமைக்காத விழி. என்ன ஒரு ஒருமுகப்பாடு என்று ஒரு பேராசிரியர் உருகினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அதற்கு நடுவே முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஏண்டி, அது நம்ம கடை பொம்மைல்ல? மூக்கு ஒடஞ்சது."

எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். சட்டைக் காலரில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஆடியது அது ஒன்றுதான். இரண்டு மதிப்பெண் குறைந்தது அதனாலாக இருக்கலாம்.

மகான் லேசில் விடுகிற ஆளா? மணியின் சக்தி சடப்பொருளையும் அடக்கி ஆளும் என்று ஆரம்பித்தார். சந்தேகம் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "மணியை நான் பிரிக்கவே இல்லைங்க."

ஒரு மூலையில் தொடங்கிய சிரிப்பு அரங்கத்தையே புரட்டியது. அவள் குரல் அதற்கு மேலே கேட்டது.

"அசையாம இருந்தா மார்க், அவ்வளவுதான் இந்த மெஷின். ஒருத்தர் ஒழுங்கா படிக்கிறாரான்னு தெரியணும்னா, எப்படித் திட்டம் போட்டீங்க, எங்க தடுமாறினீங்க, யாருகிட்ட கேட்டுத் தெளிஞ்சீங்கன்னு அவரையே கேளுங்க. செஞ்சு காட்டச் சொல்லுங்க. சார், நீங்களே இது முன்னால உக்காந்து, குனிஞ்சு நாலு வரி எழுதுங்களேன். என்ன வருதுன்னு பாப்போம்."

மகானுக்குத் திடீரென்று ஒரு அவசர வேலை ஞாபகம் வந்தது. பின்வாசல் வழியாகப் போனால்தான் முடிகிற வேலை. துணைவேந்தரின் ஆணையும் சத்தமில்லாமல் அவர் பின்னாலேயே போய்விட்டது. சந்தேகம் தேர்வு எழுதினாள், குனிந்துதான்.

பொம்மை இப்போது கடையின் முகப்பில் நிற்கிறது. அம்மாவே நீல மணியைப் பிரித்து அதன் கழுத்தில் மாட்டிவிட்டாள். அதன் தலையைத் தட்டினால் உள்ளே ஒன்றுமில்லை என்று சத்தம் வரும். அது பொம்மையின் குற்றமல்ல, அப்படித்தான் செய்தார்கள். மகானுக்குக் கைதட்டியவர்கள், அதே கையால் தங்கள் தலையையும் ஒருமுறை தட்டிப் பார்க்கலாம்.