முழு நிமிஷம்

1984 ஆகஸ்டு 6, திங்கட்கிழமை, காலை 9.20. மதுரையில் சுள்ளென்று வெயில், காற்று இல்லை. எங்கள் ஊரான கொடைக்கானலில் மழை என்பது, நான் படுத்திருந்த வார்டுக்குள் ஓடிவந்த ‘முழு நிமிஷம்’ என்ற மனிதரின் நனைந்த ஸ்வெட்டரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மனிதர்களை முகத்தால் அல்லாமல் மணிக்கட்டால் அடையாளம் கண்டவர் பூமியில் அவர் ஒருவரே. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுப்பவர். எதிரே வந்தால் வணக்கம் கிடையாது. கையைப் பிடித்து நாடி எண்ணுவார், ஒரு நிமிடம் முழுதாக. பட்டப்பெயர் அப்படி வந்தது.

“பதினஞ்சு செகண்டு எண்ணி நாலால பெருக்குங்களேன்” என்றேன் ஒருமுறை. நான் கணக்கு வாத்தியார்.

“பாக்கி நாப்பத்தஞ்சு செகண்டுல அது நின்னுருச்சுன்னா, சார்?”

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கைகொடுத்தவர் விடவே இல்லை. பின்னால் நாற்பத்திரண்டு பேர் காத்து நின்றார்கள். “நூத்திருவது! ஏலே, பொண்ணு வேணாம்னா இப்பவே சொல்லிரு” என்றார். பெண்ணுக்கு எழுபத்திரண்டாம். அதையும் சொன்னார்.

அவரிடம்தான் நான் மாட்டினேன். என் வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் எங்கள் மலையில் விளையும் போளூர் கேரட் பருமனுக்கு வீங்கியிருந்தது. வெடித்தால் முடிந்தது. மதுரை சர்ஜன் சொன்னார்: “குழாயை மாத்திரலாம். எனக்குப் பயம் உங்க இதயத்து மேலதான். ஆபரேஷன்ல மாரடைப்பு வந்துறக் கூடாது.” எட்டு வாரம் சிகரெட் கூடாது, நான் தினம் பதினொன்று பிடிப்பவன். தினமும் நடை. இதயத்தின் ஓட்டத்தை மட்டுப்படுத்தக் காலை ஆறு மணிக்கு ஒரு மாத்திரை.

மேற்பார்வை, முழு நிமிஷம். ஏரியைச் சுற்றி என் மணிக்கட்டைப் பிடித்தபடியே நடத்திப் போனார். குதிரைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டுச் சிரித்தார்கள். நாடி தொண்ணூற்றாறிலிருந்து அறுபத்தாறுக்கு இறங்கியது. மானம் அதற்கும் கீழே.

இனி அந்தத் திங்கட்கிழமை. பத்து மணிக்கு ஆபரேஷன். வந்தவர் என் கையைப் பிடித்தார். நிமிடம் முடிந்ததும் முகம் மாறியது.

“தொண்ணூத்தி நாலு. காலைல மாத்திரை போட்டீங்களா?”

“வாயில ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. வைக்கல.”

“அதானே! ஒண்ணு சொன்னா அதையே பிடிச்சுக்கிட்டுக் கெடப்பீங்கன்னுதான் மொத பஸ்ல வெரசா வந்தேன். அது சோத்துக்குச் சொன்னது, சார். எட்டு வாரமாப் போட்ட மாத்திரைய இன்னைக்கு நிறுத்தலாமா?”

“யாருய்யா நீ? வெளிய போ” என்றார் சிஸ்டர்.

“போறேம்மா. டாக்டரைக் கூப்பிடுங்க, அவர் போகச் சொல்லட்டும்.”

டாக்டர் வந்தார். இவர் பிடித்திருந்த கையையே தானும் பிடித்துப் பார்த்தார். “இன்னைக்குத்தான் அவசியம் போடணும். ஒரு மடக்குத் தண்ணியில குடுங்க. ஆபரேஷன் ஒரு மணிக்கு.”

மாத்திரையை விழுங்கினேன். கட்டிலோரம் உட்கார்ந்தவரின் கையை, முதல்முறையாக, நான் பிடித்தேன். நாலால் பெருக்கவில்லை, ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். நூற்றுப் பதினாறு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடியே வந்திருக்கிறார்.

“எவ்வளவு, சார்?”

“எழுபது” என்றேன்.

பஸ் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. “கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்கே, அதக் குடுங்க” என்றார். எட்டு வாரமாக ஒளித்து வைத்திருந்தேன், ஆபரேஷன் முடிந்ததும் பிடிக்க.

எனக்கு ஆன மொத்தச் செலவு: சிகரெட் ஒன்று.