ஸ்பிரிங்க்ளருக்குக் காட்டிய கற்பூரம்

சரஸ்வதி மாணவர் இல்லம்,
ஆர்.கே.புரம், புது டில்லி.
அக்டோபர் 1983

மகாகனம் பொருந்திய சேஷு சித்தப்பா அவர்களுக்கு, அறை முழுக்க ஈரப் புத்தகங்கள் உலர்ந்துகொண்டிருப்பதால் சாஷ்டாங்கமாக விழ இடமில்லாமல், கட்டில் மேல் உட்கார்ந்த வாக்கிலேயே பட்டாபி செய்துகொள்ளும் நமஸ்காரங்கள். இவ்விடம் அனைவரும் சௌக்கியம், சிலருக்கு ஜலதோஷம். சர்க்கார் செலவில், எல்.டி.சி. லீவில் ஸ்ரீரங்கம் போயிருக்கும் தாங்களும் காமாக்ஷி சித்தியும் அவ்விடம் சௌக்கியமாகவும், முக்கியமாக நல்ல மனநிலையிலும் இருக்க ரங்கநாதரைப் பிரார்த்திக்கிறேன். நல்ல மனநிலை எதற்கு என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் ஓர் அறிவிப்பு. பாரத நாட்டின் தலைநகரிலிருந்து மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், இன்று காலை நிலவரப்படி என் தலையணை காய்ந்துவிட்டது. இடது மூலையில் மட்டும் லேசான ஈரம் நீடிக்கிறது. அதுவும் மாலைக்குள் விலகிவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. தலையணை எப்படி நனைந்தது என்று சித்தி கேட்பாள். வீட்டு ஞாபகத்தில் அழுதேன் என்று அவள் நினைத்துக்கொண்டால் தயவுசெய்து திருத்திவிடுங்கள். இது அரசு அங்கீகாரம் பெற்ற தண்ணீர்.

எங்கள் இல்லத்துச் செயலாளர் வெங்கடேஸ்வரன் சாரை உங்களுக்குத் தெரியும், மலை மந்திர் முருகன் கோயிலில் உங்களைப் பார்த்தால் வலிய வந்து அமெரிக்கப் பிள்ளையைப் பற்றிப் பேசுவாரே, அவர்தான். போன வருஷம் அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போனார். அங்கே கல்லூரிப் பையன்கள் கோஷ்டி கோஷ்டியாகச் சேர்ந்து தனித்தனி வீடுகளில் குடியிருப்பார்களாம், வாசலில் மூன்று கிரேக்க எழுத்தை எழுதி மாட்டிக்கொள்வார்களாம், அர்த்தம் யாருக்கும் தெரியாதாம், பெண்களுக்கும் அதே மாதிரி வேறு வீடுகளாம். அப்படி ஒரு வீட்டில் எவனோ சிகரெட்டும் கையுமாகத் தூங்கிப்போய்த் தீப்பிடித்ததால், இப்போது பழைய வீடுகளுக்குக்கூடக் கூரையை ஒட்டிக் குழாய் ஓட்டி, ஸ்பிரிங்க்ளர் பொருத்துகிறார்களாம். தீப்பிடித்தால் அதுவே தண்ணீரைக் கொட்டி அணைத்துவிடுமாம். மற்றவர்கள் அமெரிக்காவிலிருந்து சாக்லேட் கொண்டு வருவார்கள், இவர் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். கமிட்டி மீட்டிங்கில் எழுந்து நின்று, "அவா குழந்தைகளுக்குப் போட்டிருக்கான். நம்ம பசங்க மட்டும் என்ன தவிட்டுக்கு வாங்கினதா?" என்று கண் கலங்கினாராம். எங்கள் இல்லத்துக்கும் பக்கத்துப் பெண்கள் இல்லத்துக்கும் சேர்த்துத் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

எனக்கு அந்தப் பேச்சில் கிரேக்க எழுத்துதான் பிடித்திருந்தது. மறுநாள் எங்கள் வாசல் கதவில் ங, ஞ, ஃ என்று மூன்று எழுத்துகள் பச்சைப் பெயிண்டில் பளபளத்தன. தமிழில் இத்தனை காலமாக வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்கு டில்லியில் ஒரு வேலை போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். வார்டன் ராமமூர்த்தி சார் அதை அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. அண்டர் செக்ரட்டரியாக இருந்து ரிட்டயரானவர், எதையும் ஒரே கோணத்தில்தான் பார்ப்பார். "பட்டாபிராமா, இது கடைசி எச்சரிக்கை. இன்னொரு விஷமம் பண்ணினே, பொட்டியைக் கட்டிண்டு மெட்ராஸ் போற ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல ஏறவேண்டியதுதான். டில்லியும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்" என்றார். இதை நான் உங்களுக்கு அப்போதே எழுதவில்லை. எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயமாக அப்போது தோன்றவில்லை.

அப்புறம் குழாய் வேலை ஆரம்பித்தது. குர்பச்சன் மிஸ்திரி வந்து சுவருக்குச் சுவர் ஓட்டை போட்டதில், நாங்கள் படுத்தபடியே அடுத்த அறைக்காரனோடு பேச முடிந்தது. சிமெண்ட் தூசி சமையலறை வரை பறந்து, சமையல் அப்பாவு அண்ணன் வைத்த ரசம் முதல் தடவையாகக் கெட்டியாக இருந்தது. ஒவ்வொரு அறைக் கூரையிலும் ஒரு பித்தளைப் பூ தலைகீழாகத் தொங்கியது. பூவின் நடுவே சிவப்புத் திரவம் அடைத்த குட்டிக் கண்ணாடிக் குழல். மொட்டை மாடியில் இதற்கென்றே தனித் தொட்டி, தனி மோட்டார். குளியலறைக் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிற இந்த ஊரில், எங்கள் தலைக்கு மேலே ஒரு தொட்டித் தண்ணீர் யாருக்கும் உபயோகமில்லாமல் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. "சார், தீப்பிடிக்காத நாள்ல அதைத் திறந்து குளிச்சுக்கலாமா?" என்று நியாயமாகத்தான் கேட்டேன். "முதல்ல நீ தீப்பிடி, அப்புறம் பார்க்கலாம்" என்றார் வார்டன்.

தண்ணீர் உதவாவிட்டாலும் குழாய் உதவியது. கூரைக்குக் கீழே நெடுக ஓடுகிற இரும்புக் குழாயைப் பார்த்தால் தமிழன் கை சும்மா இருக்குமா? ஒரு வாரத்துக்குள் வேட்டி, துண்டு, பனியன் எல்லாம் அதில் ஏறிவிட்டன. வார்டனே கோலை எடுத்து மடித் துணியை உலர்த்தினார். செயலாளர் ஒரு நாள் திடீரென்று வந்து நிமிர்ந்து பார்த்து, "இது உயிர் காக்கற குழாய் சார், துணிக் கொடி இல்லை!" என்று அலறினார். தலைநகரில் யார் யாரோ கொடி ஏற்றுகிறார்கள், நாங்கள் ஏற்றினால்தான் குற்றம்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாளைக்கு மறுநாள் ஃபயர் இன்ஸ்பெக்டர் வருவதாக ஏற்பாடு. இங்கேதான் வார்டனுக்கு ஒரு கவலை. புதிதாக வந்த சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி விடுவது? அவர் ஸ்கூட்டர், ஆபீஸ் டைப்ரைட்டர், அப்பாவு அண்ணனின் கிரைண்டர், எங்கள் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் ஆயிற்று. "ஸ்பிரிங்க்ளர் மட்டும் என்ன பாவம் பண்ணித்து? இன்ஸ்பெக்டர் பார்க்கறதுக்கு முன்னாடி சரஸ்வதி ஒரு தடவை பார்க்கட்டும்" என்றார். எல்லா அறைக்கும் ஏற முடியாதென்று, சாப்பாட்டுக் கூடத்தில் பூஜை மேடைக்கு நேர் மேலே இருக்கிற பித்தளைப் பூவை அனைத்துக்கும் பிரதிநிதியாக வைத்துக்கொண்டோம். மேடையில் சரஸ்வதி படம். அதற்கு முன்னால் எங்கள் அத்தனை பேர் பாடப் புத்தகங்களும் கோபுரமாக அடுக்கி, பட்டுத் துணி போர்த்தியிருந்தது. அடுக்கியவன் அடியேன். புத்தகங்களுக்கு அடியில் ஆயுதங்கள்: அப்பாவு அண்ணனின் கத்தி, அரிவாள்மணை, மிஸ்திரி விட்டுப்போன பெரிய ஸ்பானர். ஸ்பானருக்குக் கதம்பம் சுற்றியிருந்தது.

இல்லத்திலேயே நெட்டையன் நான் என்பதால் ஏணியில் நான் ஏறினேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். கற்பூரத் தட்டைக் கீழேயிருந்து கொடுத்தார்கள். பையன்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தயாராக நின்றார்கள். வார்டன் மணியை ஆட்டியபடி, "நன்னா தூக்கிக் காட்டுடா! உன் மூஞ்சிக்கா காட்டறே? அதுக்குக் காட்டு!" என்றார். தூக்கிக் காட்டினேன்.

சித்தப்பா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இதெல்லாம் தற்செயல் என்று நீங்கள் நினைத்தால் உங்கள் அண்ணன் பிள்ளையின் மூளையைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். அந்தக் கண்ணாடிக் குழல் அறுபத்தெட்டு டிகிரியில் வெடிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். சுடர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும், தட்டை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும், எல்லாம் பௌதிகப்படி போட்டு வைத்த திட்டம். மூன்றாவது சுற்றில் 'டப்' என்றது. அவ்வளவுதான், தீயணைப்புக் கருவி முதல் காரியமாக எங்கள் அத்தனை பேரையும் அணைத்துக்கொண்டது.

முதலில் வந்தது தண்ணீரே இல்லை, கறுப்பாக ஏதோ. குழாய்க்குள் இத்தனை நாள் ஊறிய எண்ணெயும் துருவும் சேர்ந்து பஞ்சகச்சத்தோடு நின்ற வார்டனுக்கு அபிஷேகம் ஆயிற்று. பிறகுதான் நல்ல தண்ணீர் வந்தது. வந்தது என்றால் குற்றாலம். சரஸ்வதி நனைந்தாள், சுண்டல் மிதந்தது, பௌதிகம், ரசாயனம், பொருளாதாரம் எல்லாம் ஒன்றாகக் கரைந்தன. "அடைடா! எதையாவது வெச்சு அடைடா!" என்று வார்டன் கத்த, எவனோ ஓடிப்போய் என் தலையணையைக் கொண்டுவந்து எறிந்தான். அதை வைத்து அழுத்தியதில், நேராகக் கொட்டிய தண்ணீர் நாலா பக்கமும் பீச்சியது.

மாடியில் இருக்கிற வால்வை மூடினால் நின்றுவிடும். ஆனால் வால்வைத் திருகுகிற ஸ்பானர் எங்கே? பூஜையில்! கோபுரத்துக்கு அடியில், கதம்பத்தோடு! நான் புத்தகத்தைத் தள்ளிவிட்டு அதை எடுக்கக் குனிந்தால், கறுப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட வார்டன் குறுக்கே வந்து நிற்கிறார்.

"தொடாதே! பூஜைல வெச்சதை இன்னிக்கு எடுக்கப்படாது. நாளைக்குப் புனர்பூஜை ஆகணும்!"

"சார், நாளைக்குள்ள ஆர்.கே.புரமே யமுனைக்குப் போயிடும் சார்!"

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

அப்பாவு அண்ணன் மிதக்கிற சுண்டலைக் கரண்டியால் அரித்துக்கொண்டே, "சாமி, அம்மாவே நனைஞ்சுக்கிட்டு நிக்குறாங்க. கோவிச்சுக்க மாட்டாங்க, எடுக்கச் சொல்லுங்க" என்றார். வார்டன் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, அப்படின்னா ஒரு கற்பூரத்தை ஏத்தி அம்பாள்கிட்ட உத்தரவு கேட்டுண்டு..." என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, கூடம் முழுக்க ஒரே குரலில், "கற்பூரம் வேண்டாம் சார்!" என்று அலறியது. அந்த அலறலையே உத்தரவாக வைத்துக்கொண்டு ஸ்பானரை உருவி மாடிக்கு ஓடினேன். முதலில் தப்பான பக்கம் திருகிவிட்டேன் என்பதைத் தவிர வேறு குறையில்லாமல் மூடினேன். இறங்கி வந்தால் பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு "பட்டாபி கீ ஜே!" என்கிறார்கள். ஏன் மாட்டார்கள்? அடுத்த வாரம் டெஸ்ட், ஒருவனிடமும் காய்ந்த புத்தகம் இல்லை. பெண்கள் இல்லத்து பால்கனியிலிருந்து கைதட்டல் வேறு. சித்தப்பா, என் பதினேழு வருஷ வாழ்க்கையில் பெண்கள் எனக்குக் கைதட்டியது இதுதான் முதல் தடவை.

சொன்ன நாளில் இன்ஸ்பெக்டர் வந்தார். உடைந்த பித்தளைப் பூவையும், சுவரில் தண்ணீர் ஏறிய கறையையும் பார்த்து, இது எப்போது, எதனால் திறந்தது என்று ஹிந்தியில் கேட்டார். வார்டன் தலையைக் குனிந்துகொண்டு, கற்பூரத்துக்கான ஹிந்தி வார்த்தையில், "கபூர்" என்றார். "கோன் கபூர்? காண்ட்ராக்டர்?" என்றார் இன்ஸ்பெக்டர். கற்பூரத்தைத் தட்டோடு கொண்டுவந்து காட்டி விளக்கியதும் மனிதர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்றுவிட்டது. கண்ணாடிக் குழல், சூடு, டிகிரி என்று எங்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தார். மோட்டார் ஓடியது, பிரஷர் இருந்தது, வேண்டிய ஒன்று மட்டும் திறந்தது, இதைவிட நல்ல டெஸ்ட் வேறில்லை என்று சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். செயலாளர் வாயெல்லாம் பல்.

வார்டனுக்கு மட்டும் பல் தெரியவில்லை. என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கோபம் முற்றினால் முதல் வார்த்தையில் மட்டும் அவருக்கு மரியாதை வந்துவிடும். "நீர் உள்ளே வாரும்" என்றார். போதும் போதும் என்கிற அளவுக்கு நீர் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்றே என்று சொல்ல வாயெடுத்து, முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"ஏணியில ஏறினது யாரு? நீ. புஸ்தகத்தையெல்லாம் அதுக்கு நேர் கீழே அடுக்கினது யாரு? நீ. கற்பூரம் யார் கையில?"

"நீங்கதானே சார் தூக்கிக் காட்டச் சொன்னேள்?"

"காட்டச் சொன்னேன். சுடச் சொன்னேனா?" பிறகு குரல் இறங்கியது. "பட்டாபி, ஒரே ஒரு வார்த்தை. தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லு, இதோட விட்டுடறேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் பையன்கள் அத்தனை பேரும் காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கிறது. ங-ஞ-ஃ கோஷ்டியின் தலைவன் என்ன சொல்வான்? "தெரிஞ்சேதான் சார் பண்ணினேன்" என்றேன். வெளியே விசில். உள்ளே வார்டன், "அப்போ உங்க சித்தப்பா டில்லி திரும்பினதும் நேரா இங்கே வரட்டும். அவர் வந்து பேசற வரைக்கும்தான் உனக்கு இங்கே சாதம்" என்றார்.

ஆகவே, ஊரிலிருந்து வந்ததும் உங்கள் லக்ஷ்மிபாய் நகர் வீட்டுப் பூட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நடை இங்கே வந்து, இது விஷமம் அல்ல, பொதுநலன் கருதி ஒரு மாணவன் திட்டமிட்டு நடத்திய பரிசோதனை, இன்ஸ்பெக்டரே ஒப்புக்கொண்டார் என்று உங்கள் ஆபீஸ் குரலில் அடித்துப் பேச வேண்டியது. நீங்கள் பேசினால் வார்டன் என்ன, உள்துறையே அடங்கிவிடும். அப்பாவுக்கு இப்போதைக்கு எழுத வேண்டாம். சித்திக்கு என் நமஸ்காரம், வரும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவரச் சொல்லவும். பெரியவர்கள் எல்லோர் ஆசியையும் வேண்டி,

தங்கள் அண்ணன் குமாரன்,
பட்டாபிராமன்

பி.கு.: சித்தப்பா, கடிதத்தை ஒட்டப் போனவன் மறுபடி பிரித்து எழுதுகிறேன். திட்டம் ஒன்றும் கிடையாது. அறுபத்தெட்டு டிகிரி எல்லாம் இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் தெரியும். வார்டன் அறையில் ஏதோ சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால்தான் தண்ணீர் வரும் என்று நினைத்திருந்தேன். கற்பூரம் காட்டும்போது நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, 'ரசாயனத்தில் மட்டும் பாஸ் போட்டுவிடு தாயே' என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் தட்டு எவ்வளவு கிட்டே போயிற்று என்று தெரியவில்லை. மேலே முதல் சொட்டு விழுந்ததும், தீர்த்தம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டி ஒரு வாய் குடித்தும் விட்டேன். கறுப்புத் தண்ணீர். இன்னும் நாக்கில் இருக்கிறது. எனக்கு டில்லியை விட்டுப் போக மனசில்லை. பொதுநலன், பரிசோதனை எதுவும் பேச வேண்டாம். பையனுக்கு ஒன்றும் தெரியாது, பக்தியில் பண்ணிவிட்டான் என்று உள்ளதையே வார்டனிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, காதோடு காதாகச் சொல்லுங்கள். பக்தி என்கிற வார்த்தை மட்டும் பையன்கள் காதில் விழுந்தால், வார்டன் சொல்லவே வேண்டாம், நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜி.டி. ஏறிவிடுவேன்.