காமாலை கழுத்தோடு நின்ற கதை

ஆண்கள் கண்ணாடி பார்ப்பது தலை வாருவதற்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருபத்தெட்டு வயதில், வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் நான். அதுவும் எப்பேர்ப்பட்ட கன்னம்? வெயிலும் பனியும் மாறி மாறி அடித்துக் கறுத்துப்போய், மூக்கின் இரண்டு பக்கமும் எண்ணெய் வழிந்து, தாடையில் ஐந்தாறு பருவோடு இருந்தது. அந்தக் கன்னத்தை மூன்று வாரத்தில் மாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன் பாருங்கள், அந்தக் கதைதான் இது.

பசறைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் வாத்தியார். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். கொஸ்லந்தையில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள் கௌசல்யாவை எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பண்டாரவளையில் ஒரு லேபில் இரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிற பிள்ளை. எல்லாம் பேசி முடிந்து, மூன்று வாரத்தில் பரிசம் போடுவதென்று முடிவாகி, நாங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உள்ளே பெண்ணின் சித்தி யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

"மாப்பிள்ள நல்லவருதான். கொஞ்சம் வாடிப்போயி இருக்காரு."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான். (அம்மா இரண்டு தரம் வடை வேண்டுமா என்று கேட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.) அன்றைக்கே போனில் தேடி, சரும அழகுக்கு ஏழு படிகள் என்று ஒரு பெண் விளக்குகிற வீடியோவைக் கண்டுபிடித்தேன். கழுவ ஒன்று, துடைக்க ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. நான் அதுவரை முகத்துக்குக் காட்டிய மரியாதை, குளிக்கும்போது தலையிலிருந்து வழிகிற சவர்க்கார நுரை மட்டும்தான்.

சாமான் வாங்கப் பதுளைக்குப் போனேன். பசறையில் வாங்கினால் நான் வீடு சேர்வதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். பஜாரில் ஒரு பேன்சி கடை. வயதான முஸ்லிம் நானா ஒருவர் கல்லாவில் இருந்தார்.

"யாருக்கு தம்பி எடுக்கிறீங்க?"

"தங்கச்சிக்கு நானா." (எனக்குத் தங்கச்சி கிடையாது.)

"தங்கச்சிட தோல் எண்ணெய்த் தோலா, காய்ஞ்ச தோலா?"

"தெரியலையே நானா."

"மூக்குப் பக்கம் தொட்டுப் பார்த்தா தெரியும்தானே."

நான் என்னையறியாமல் என் மூக்கைத் தொட்டு, விரலைப் பார்த்தேன். நானாவும் என் விரலைப் பார்த்தார்.

"அப்ப தங்கச்சிக்கு எண்ணெய்த் தோல்தான்" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். ஒரு பேஸ்வாஷ், ஒரு போத்தல் பன்னீர், ஒரு சன்கிறீம் எடுத்து வைத்துவிட்டு, "தங்கச்சிக்கிட்ட ஷேவ் எடுத்த கையோட இது பூச வேணாம்னு சொல்லுங்க, எரியும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

முதல் வாரம் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. சன்கிறீம் மட்டும் முகத்தில் வெள்ளை வெள்ளையாக நின்றது. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "சேர், மொகமெல்லாம் சோக்குத் தூள்" என்று சொல்லி மூக்குத் துடைக்கிற தன் லேஞ்சியை நீட்டியது. வாத்தியார் வேலையில் இப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது வாரம் பாடசாலை விடுமுறை. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சத்தமே இல்லை. ஏழாவது படியான பேஸ் பேக்குக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. இரண்டு கரண்டி கடலை மா, கொஞ்சம் தயிர், ஒரு சிட்டிகை மஞ்சள் என்று வீடியோவில் அந்தப் பெண் சொல்லியிருந்தாள். வீட்டில் கடலை மா இல்லை. ஆனால் எங்கள் லயங்களில் எது இல்லாவிட்டாலும் ரொட்டி சுடக் கோதுமை மா இருக்கும். மாவுதானே என்று அதைப் போட்டேன். ஒரு சிட்டிகைக்கே முகம் மினுங்கும் என்றால் இரண்டு கரண்டி போட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு, சமையல் மஞ்சளை அள்ளிக் கொட்டினேன். (பிள்ளைகளுக்குக் கணிதமும் நான்தான் கற்பிக்கிறேன்.) உள்ளங்கையால் அள்ளி நெற்றியிலிருந்து தாடை வரை அப்பிக்கொண்டு, காயும் வரை அசையக் கூடாது என்பதால் கட்டிலில் மல்லாந்து படுத்தேன்.

பதினைந்து நிமிடம் என்று சொல்லியிருந்தாள். நான் ஒன்றரை மணித்தியாலம் தூங்கினேன்.

விழித்தபோது லயத்துக் கோடியில் அம்மாவின் குரல் கேட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. முகத்தில் ரொட்டி பிடித்திருந்தது. பின்பக்கமாகப் பீலிக்கு ஓடி, தண்ணீர் விழுகிற இடத்தில் முகத்தைக் கொடுத்துச் சுரண்டினேன். மா போனது, மஞ்சள் போகவில்லை. உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்று தெரியாமல், நுரை செக்கச் செவேலென்று வந்ததைப் பார்த்து, தோலே உரிந்துவிட்டதாகப் பயந்து இன்னொரு தரம் தேய்த்தேன். துடைத்துவிட்டு வீட்டுக்குள் நுழையவும் அம்மா கூடையை இறக்கி வைக்கவும் சரியாக இருந்தது.

"என்னடா இது மொகம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையும் மஞ்சள்.

"கடவுளே, புள்ளைக்கு மஞ்சக் காமால வந்துருக்கே."

உண்மையைச் சொல்ல எனக்கு அந்த ஒரு நொடி இருந்தது. அதை நான் நன்றாகவே உபயோகித்தேன். நோயாளி என்றால் நாலு பேர் பார்க்க வருவார்கள், மூஞ்சிக்கு மஞ்சள் பூசிய ஆம்பிளை என்றால் நாற்பது பேர் வருவார்கள் என்று யோசித்து, "ரெண்டு மூணு நாளா ஒரு மாதிரியாத்தான் இருக்கும்மா" என்றேன்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் லயத்துக்கே தெரிந்துவிட்டது. தண்ணீரால்தான் வந்திருக்கும் என்று பன்னிரண்டு வீட்டிலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கத் தொடங்கினார்கள். (என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சமூக சேவை அது.) மறுநாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போனார் அம்மா. அங்கே மருந்து கொடுக்கிற ஐயா இமையை இழுத்துப் பார்த்து, "கண்ணு வெள்ளையா இருக்கே" என்று யோசித்து, எதற்கும் இரத்தம் சோதித்துப் பாருங்கள் என்றார். அம்மாவுக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. கீழாநெல்லியைப் பிடுங்கி வந்து அரைத்துக் காலையும் மாலையும் ஊற்றினார். உப்பில்லாக் கஞ்சி. பொரியல் கிடையாது, சம்பல் கிடையாது. எண்ணெய் வாசமே என் மேல் படக் கூடாதென்று எண்ணெய்ப் போத்தலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நான் ஆள் இல்லாத நேரமெல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். நிறம் கொஞ்சம் இறங்கியது, போகவில்லை.

மூன்றாம் நாள் கௌசல்யாவின் அப்பா போன் பண்ணினார். காமாலை பசறையிலிருந்து கொஸ்லந்தைக்கு எந்த பஸ்ஸில் போனதோ தெரியாது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. ஈரல்ல கோளாறுன்னா நாங்க யோசிக்கணும். எங்க புள்ள வேல செய்யிற எடத்துக்கே வந்து ரத்தம் குடுங்க. ரிப்போர்ட்டப் பாத்துட்டு பரிசத்தப் பத்திப் பேசுவோம். இல்லாட்டி விட்டுருவோம்."

அம்மா போனை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் அப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரிசத்துக்கு ஆபத்து வந்திருக்காது, என் மானம்தான் போயிருக்கும். எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை பண்டாரவளை லேபில், வெளியே மர வாங்கில் கௌசல்யாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அம்மாவை அவர் பக்கத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். கௌசல்யா கையுறையைப் போட்டுக்கொண்டு, "சேர்ட்டுக் கைய மடிங்க" என்றாள். மடித்தேன். மஞ்சள் ஏறாத முழங்கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி முழங்கையைப் பார்த்தாள்.

"காமால கழுத்தோட நின்னுருச்சா?"

அவள் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்தாள். கையில் துடைப்பாள் என்று நீட்டிக்கொண்டிருந்தேன். எட்டி என் தாடையில் ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பஞ்சு மஞ்சளாக இருந்தது.

"சொல்லுங்க. என்ன பூசினீங்க?"

"மஞ்சள். தயிர். அப்புறம் கோதும மா."

"கோதும மாவா?"

"கடல மா வீட்டுல இல்லைங்க."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஏன் பூசினேன் என்று கேட்டாள். சித்தி சொன்னதைச் சொன்னேன்.

"அந்தச் சித்திக்கு ரெண்டு கண்ணுலயும் வெள்ள படர்ந்து பதுள ஆஸ்பத்திரில ஆபரேசனுக்கு தேதி குடுத்துருக்காங்க" என்றாள். "அவங்களுக்கு எல்லாருமே வாடிப்போயிதான் தெரிவாங்க."

அதன் பிறகுதான் சிரித்தாள். வெளியே கேட்காமலிருக்க முழங்கையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவளைப் பிடித்தது அந்த நேரத்தில்தான். அதுவரை அவளுக்கு என்னைப் பிடிக்குமா என்று மட்டும்தான் கவலைப்பட்டேனே தவிர, எனக்கு அவளைப் பிடிக்கிறதா என்று ஒரு தரம்கூட யோசித்திருக்கவில்லை.

"அப்ப ரத்தம் எடுக்க வேணாம்தானே?" என்றேன்.

"அப்பா ரிப்போர்ட் கேப்பாரு. நீட்டுங்க" என்று ஊசியைக் குத்தினாள். "வீட்டுக்குப் போயி தேங்காயெண்ணெயத் தொட்டுத் தொடைங்க. போயிரும்."

அம்மா வீட்டை விட்டு அனுப்பிய அதே எண்ணெய். பக்கத்து வீட்டில் ஒரு சாக்குச் சொல்லி இரண்டு சொட்டு வாங்கித் துடைத்தேன். பத்து நிமிடத்தில் பழைய முகம், பருவோடு திரும்பி வந்தது. ரிப்போர்ட்டில் ஒரு கோளாறும் இல்லை. பரிசம் நடந்தது, கல்யாணமும் நடந்தது. கௌசல்யா பதுளையில் ஒரு லேபுக்கு மாறிக்கொண்டு எங்களோடு வந்து சேர்ந்தாள். மஞ்சள் கதையை மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் அம்மா ஊரெல்லாம் சொன்னார். நாலே நாளில் காமாலையை இறக்கிய கை என்று தோட்டத்தில் பெயர் பரவி, கண் லேசாகச் சிவந்தவர்கள்கூட வந்தார்கள். நாங்கள் இருவரும் அவர்களை வாசலில் மறித்து, எதற்கும் இரத்தம் பாருங்கள் என்று மெதுவாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தின் வேறு டிவிசனிலிருந்து ஒருவரை அவருடைய மனைவி கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். மனுசனுக்குக் கண் முழியே மஞ்சள். அம்மா கீழாநெல்லி அரைக்க அம்மியில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்த, இவர இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்" என்றாள் கௌசல்யா.

"எதுக்கு? எம் மகனுக்கு நாலு நாள்ல எறங்கல? நீதானே ரத்தம் எடுத்துப் பாத்து ஒண்ணும் இல்லன்ன?"

கௌசல்யா என்னைப் பார்த்தாள். அந்த ஆளின் மனைவியும் என்னைத்தான் பார்த்தாள், என் முகத்தை ஒரு மருந்துச் சீட்டை வாசிப்பதைப் போல.

"எனக்கு வந்தது காமால இல்லம்மா" என்றேன். "மூஞ்சி வெள்ளையாகணும்னு மஞ்சளையும் ரொட்டி மாவையும் பூசிக்கிட்டு தூங்கிட்டேன்."

லயத்து வாசலில் அப்போது எத்தனை பேர் நின்றார்கள் என்று நான் எண்ணவில்லை. நாற்பது பேர் இருக்கும். அந்த மனுசனை முச்சக்கர வண்டியில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் வார்ட்டில் இருந்து பிழைத்து வந்தார். அன்றைக்கு வண்டி போன பிறகும் அம்மா அம்மியை விட்டு எழும்பவில்லை.

"அப்ப நாலு நாளு நான் மலைக்குப் போகாம கஞ்சி காச்சி ஊத்தினது ரொட்டி மாவுக்கா?"

அன்றோடு அம்மா வைத்தியத்தை விட்டுவிட்டார், என் மேல் இருந்த நம்பிக்கையையும் சேர்த்து. போன மாதம் பாடசாலையிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்து கட்டிலில் விழுந்தேன். கண் எரிகிறது, மூட்டெல்லாம் வலிக்கிறது, முகம் சிவந்து கிடக்கிறது என்றேன். அம்மா ரொட்டி தட்டுவதை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல் சொன்னார்.

"மொதல்ல போயி மொகத்தக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தேன். கௌசல்யா வேலை முடிந்து வந்து இரத்தம் எடுத்துக் கொண்டுபோய் லேபில் பார்த்ததில் டெங்கு.