சாப்பாட்டு மேசை ரிசப்ஷன்

“‘அப்சல்யூட்லி’ன்னா சொன்ன?”

“ஆமாண்ணே.”

“லிஃப்ட் எங்க இருக்குன்னுதானே அந்தம்மா கேட்டாங்க?”

“அந்த நேரத்துல வாய்ல அதுதான் வந்துச்சு. அகராதில ‘ஏ’ வரைக்கும்தான் முடிச்சிருக்கேன்.”

லிஃப்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஹோட்டலில் பெட்டி தூக்குகிறவனுக்கு யோசனை சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது. இனியும் பாரம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் அவன் இடுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ரிசப்ஷனில் ஓர் இடம் காலி. இங்கிலீஷ் பேசினால் தருகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

“வார்த்தைய உப்பு மாதிரி தனியா அள்ளித் தின்னா இறங்காதுடா. முழு வாக்கியமாப் படி. வீட்டுல பேசிப் பழகு. நாக்குல தானா ஒட்டிக்கும்.”

தமிழில் அவன் நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. தேடிய சட்டை கிடைக்காவிட்டால் மாமனாரில் ஆரம்பித்து மாமியாரின் பாட்டன் வரை போவான். ஒரு முறை சொன்ன வசவு மறுமுறை வராது. மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மகள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

அன்று மாலையே சாப்பாட்டு மேசை ரிசப்ஷன் ஆனது. அழைப்பு மணிக்குப் பதிலாக ஒரு டம்ளரும் கரண்டியும். மனைவிதான் விருந்தினர்.

“நான் என்னங்க சொல்லணும்?”

“ஏதாவது கேளு. இல்ல, குறை சொல்லு. வர்றவங்க அதத்தான் செய்வாங்க.”

அவள் டம்ளரைத் தட்டினாள். “பாத்ரூம் குழாய் ஒழுகுது.”

“எக்ஸ்ட்ரீம்லி சாரி, மேடம். உடனே கவனிக்கிறோம்.”

சொல்லிவிட்டானே தவிர, அவள் நகரவில்லை. கவனிப்பதாகச் சொன்ன ஆள் எங்கே என்று அடுத்த கேள்வி. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழாய்க்கு அடியில் படுத்தான். ஓராண்டாக ஒழுகிய குழாய் நின்றது, இடுப்பு பிடித்துக்கொண்டது.

மறுநாள் மின்விசிறி. அதற்கு மறுநாள் ஜன்னல் கொக்கி. அவளுக்குக் குறைகள் ஊற்றெடுத்தன.

“பக்கத்து ரூம்ல ஒருத்தர் எந்நேரமும் கத்துறார். குழந்தை பயப்படுது.”

“எக்ஸ்ட்ரீம்லி சாரி, மேடம். இனிமே அப்படி நடக்காது.”

உச்சரிப்பு சரியாக வந்த மகிழ்ச்சியில் அவன் வேறெதையும் கவனிக்கவில்லை.

“பத்தாதுடா,” என்றார் லிஃப்ட்காரர். “வீட்டுக்குள்ள தமிழே கூடாதுன்னு சட்டம் போடு.”

போட்டான். மகள் சீருடையில் மை கொட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவன் வாயைத் திறந்தான். மாமனார் நாக்கு நுனிவரை வந்துவிட்டார். அவரை எப்படி இங்கிலீஷில் இறக்குவது? அவனிடம் இருந்ததெல்லாம் ஹோட்டல் இங்கிலீஷ். “தேங்க் யூ ஃபார் யுவர் பேஷன்ஸ்,” என்றான். மகள் அவனை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முதல் முறையாக, கேட்காமலேயே அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். இடுப்பு வலித்தது. இறங்கச் சொல்லவும் வாக்கியம் இல்லை.

எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினாள். “கொஞ்ச நாளா சத்தமே இல்லியே, யாருக்காவது உடம்பு சரியில்லியா?”

“அவர் படிக்கிறாருக்கா,” என்றாள் மனைவி. சிரித்தாள். அந்தச் சிரிப்பை அக்கா அதுவரை பார்த்ததில்லை.

மேனேஜர் ரிசப்ஷன் வேலைக்குத் தேர்வு வைத்த நாளன்று அவன் இஸ்திரி போட்ட சட்டையில் போனான். ரிசப்ஷனில் நாற்காலியையே காணோம். அது இருந்த இடத்தில் ஆளுயரத் திரை ஒன்று நின்றது. அவன் கிட்டே போனதும் அது விழித்துக்கொண்டு, பிசிறில்லாத குரலில், “ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?” என்றது. அவன் சொல்ல வைத்திருந்த முதல் வாக்கியம்.

“மெஷின் வந்துடுச்சுப்பா,” என்றார் மேனேஜர், நல்ல தமிழில். “வாசல்ல வேன் நிக்குது பாரு. பெட்டிய இறக்கு.”

இறக்கினான்.

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி மேசைக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றிருந்தாள். டம்ளரைத் தட்டினாள். “எக்ஸ்க்யூஸ் மீ, சார்...”

டம்ளர் பறந்து சுவரில் மோதியது. அத்தனை நாளாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. மாமனார், மாமியார், பாட்டன், இங்கிலீஷ் கற்றுக்கொள்ளச் சொன்னவன், அதற்குச் சிரித்துக்கொண்டு நின்றவள். புது வசவுகள், புதுப் புது இணைப்புகள். நாக்கு ஓர் இடத்திலும் தடுக்கவில்லை.

“இனிமே இந்த வீட்டுல ஒரு இங்கிலீஷ் வார்த்தை காதுல விழக் கூடாது!”

மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எதிர்வீட்டு அக்கா யாரிடமோ சொல்வது கேட்டது: “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காங்க.”

மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். நசுங்கிய டம்ளரை எடுத்து மேசையில் வைத்தாள். நாற்காலியில் ஏறி நின்று, கரண்டியால் மெதுவாகத் தட்டினாள்.

“சார்,” என்றாள், “நேத்து இங்க இருந்தவரைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?”