ஊரையே நீலமாக்கிய கலர்ப் பென்சில்

மாத்தளை நகரத்தை முழுசாகப் பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். பார்த்த குற்றத்துக்காகவே உருப்படாமல் போனவரும் அவர்தான்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். படம் வரைபவராக யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் கந்தோருக்கு வந்து சேர்ந்தார். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். இரண்டு காதிலும் பென்சில் செருகியிருப்பார். அதனால் கலர்ப் பென்சில். சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார்.

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் போடப் போகிறோம், எல்லா வீடுகளையும் காட்டும் ஒரு வரைபடம் வேண்டும் என்றார் எங்கள் துரை. வேறு யாராவது என்றால் கட்டம் கட்டமாகப் போட்டு நீட்டியிருப்பார்கள். இவர் அளவு நாடாவின் மறுமுனையை உதவிக்குப் போன என் கையில் கொடுத்து, வீடு வீடாக ஏறி, "என்ன தொழில் பாக்கிறியள்?" என்று கேட்டார். உத்தியோகத்தர் வீட்டுக்கு நீலம், வியாபாரிக்குப் பச்சை, கூலி வேலைக்காரருக்குச் சிவப்பு. வேலையே இல்லாத ஒருவனின் வாசலில் அரை நாள் யோசித்துக்கொண்டு நின்றார்.

செய்தி பரவியதும் புடைவைக்கடை ஹாஜியார் கந்தோருக்கே வந்துவிட்டார்.

"சேர், எங்கட ஊட்ட நீலமாக்கித் தாங்களேன். மகளுக்கு மாப்புள பாக்கிற நேரம்."

"கடை வச்சிருக்கிறியள். பச்சைதான்."

"பச்சைக்கு மேல லேசா நீலம் தடவினா?"

"ஏலாது!"

சந்தைக்குப் பின்னால் நகரசுத்தித் தொழிலாளர்களின் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், இருந்தது. ஆற்றுத் தண்ணீர்தான் அவர்களுக்குக் குடிக்க. அங்கே செல்லம்மா என்ற பெண் எங்களை மறித்தாள்.

"எங்களுக்கும் பைப்பு வருமாங்கய்யா? போன மாசந்தான் எம்புள்ள வயித்தால போயி செத்துச்சுங்க. அந்தத் தண்ணியாலதாங்க."

அன்றைக்கு அவர் அழுத்திய அழுத்தில் சிவப்புப் பென்சில் இரண்டு ஒடிந்தது. "இந்தச் சிவப்பைப் பாத்தா துரைக்கு நெஞ்சு பதறும், தம்பி. முதல் குழாய் இங்கைதான்" என்றார்.

துரைக்கு ஒன்றும் பதறவில்லை. "ஷோக்கா இருக்கு! காசு கட்டக்கூடியவங்க எங்க இருக்காங்கன்னு இப்பத்தான் தெளிவாத் தெரியுது. நீலத்துக்கு முதல்ல போடுங்க, பிறகு பச்சை. சிவப்புப் பக்கம் தோண்டவே வேணாம்" என்றார்.

"நானே அந்த லயத்து ஆக்களைக் காட்டிக் குடுத்திட்டன், தம்பி" என்று நாற்காலியில் சரிந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ஊர் முழுவதற்கும் நீலம் தீட்டிவிட்டார். ஹாஜியாரின் ஆசைகூட நிறைவேறியது! லயம் மட்டும் சிவப்பின் மேல் நீலம் சரியாக ஏறாமல் கத்தரிக்காய் நிறத்தில் நின்றது.

"என்னய்யா இது, ஊருக்குள்ள கடலா?" என்று கத்தினார் துரை.

"தண்ணி குடிக்கிற ஆக்கள் எல்லாம் நீலம், சேர்."

அவரை வில்கமுவவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வயலும் காடும்தான். வரைய ஒரு தெருகூடக் கிடையாது. குழாயோ, துரை எடுத்து வைத்திருந்த பழைய பிரதியின்படி நீலம், பச்சை என்று வரிசையாகப் போய் நின்றுவிட்டது.

வழியனுப்பக் கந்தோரிலிருந்து நான் ஒருவன்தான் போனேன். பஸ் நிலையத்தில் செல்லம்மா ஒரு போத்தலோடு நின்றாள்.

"ஆத்துத் தண்ணிதாங்கய்யா. நல்லாக் கொதிக்க வச்சு ஆத்தினதுங்க."

லயத்து ஆட்கள் தொட்ட தண்ணீரை எங்கள் கந்தோரில் எவனும் குடிக்கமாட்டான். அவர் பஸ் நிலையத்தின் நடுவில் நின்று, ஊரே பார்க்க, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

நான் ஓய்வு பெறும் வரை அந்த லயத்துக்குக் குழாய் வரவில்லை. அந்தப் பைத்தியத்தோடு வேலை பார்த்த எனக்கு, பிறகு வந்த புத்திசாலிகள் ஒருவரையும் பிடிக்கவில்லை.